இணையப் பக்கத்துக்குப் பின்னால் எத்தனை பேர்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நிறுவனத்தின் சரக்கு, விலை, பாக்கி விவரங்கள் எல்லாம் ஒரு சர்வரில் இருக்கின்றன. அந்த சர்வர் மென்பொருளை 5 பேர் பயன்படுத்துவதற்கு உரிமம் வாங்கியிருக்கிறார்கள். இப்போது வாடிக்கையாளர்களுக்காக ஓர் இணையப் பக்கம் அமைக்கிறார்கள். 60 கடைக்காரர்கள் அந்தப் பக்கத்தில் நுழைந்து ஆர்டர் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கமோ ஒரே ஒரு கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு சர்வரோடு பேசுகிறது. அப்படியானால் அந்த சர்வரைப் பயன்படுத்துபவர்கள் எத்தனை பேர்? 5, 6, 65?

இந்தக் கேள்வியை என் வகுப்பில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். "6" என்று சொன்னவர்களே அதிகம். பழைய 5 பேர், புதிதாக ஓர் இணையப் பக்கம், ஆக 6. சர்வரின் பயனர் பட்டியலைத் திறந்து பார்த்தாலும் 6 பெயர்கள்தான் இருக்கும். ஆனால் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் ஒப்பந்தங்களைப் படித்தால் கிடைக்கும் விடை 65. இந்த இரண்டு விடைகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரு பெரிய நிறுவனத்தை நீதிமன்றப் படி ஏற வைத்திருக்கிறது.

இது கணினித் துறை மாணவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. கணக்கியல், வணிகம், சுற்றுலா நிர்வாகம் என எதைப் படித்தாலும் தொழிற்பயிற்சிக்குப் போகும் இடத்தில், "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, ஒரு வெப் பேஜ் செய்து கொடுங்கள்" என்று கேட்பார்கள். எஸ்.பி.எம். முடித்துவிட்டுப் பகுதி நேர வேலைக்குப் போகும் மாணவர்களிடமும் கேட்கிறார்கள். நம் நாட்டில் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியலைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அந்த விதி படிப்படியாக அவற்றைவிடச் சிறிய நிறுவனங்களுக்கும் வந்தது. அதுவரை கடையின் ஒரு மூலையில் தனியாகக் கிடந்த கணக்கு மென்பொருள்கள் இணையத்தோடு இணைய ஆரம்பித்திருக்கின்றன. அதனால் இந்தக் கேள்வி கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களோடு நிற்கவில்லை. எங்கள் கேமரன் மலைக்கும் வந்துவிட்டது.

பேர் கணக்கும் கிலோ கணக்கும்

நான் தானா ராத்தாவில் பிறந்து வளர்ந்தவள். என் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவருடைய பேச்சில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று 'பேர்', இன்னொன்று 'கிலோ'. காலையில் பெரட்டுக்குப் போய் நின்று, கிராணி பெயரைப் பதிந்து, முழு நாளும் வேலை செய்தால் ஒரு பேர். பாதியில் திரும்பினால் அரைப் பேர். பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டு அதற்குக் காசு கொடுத்தால் அது கிலோ கணக்கு. மலையும் ஒன்று, கொழுந்தும் ஒன்று. ஆனால் எதை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கைக்கு வரும் காசு மாறும்.

சர்வர் மென்பொருளின் விலையும் இப்படித்தான். சர்வர் என்பது தகவலைப் பொதுவாக ஓரிடத்தில் வைத்திருந்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கணினி. அதில் ஓடும் மென்பொருளை விற்பவர்கள் பெரும்பாலும் நான்கு விதமாக எண்ணுகிறார்கள்.

முதலாவது, ஆளை எண்ணுவது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். சர்வர் மென்பொருளுக்கு ஓர் உரிமம் வாங்கினால் மட்டும் போதாது. அதை அணுகும் ஒவ்வொருவருக்கும் 'கிளையன்ட் அக்சஸ் லைசென்ஸ்' என்ற அணுகல் உரிமம் தனியாக வேண்டும். சுருக்கமாக 'சி.ஏ.எல்.' என்பார்கள். அதை வாங்கினால் புதிதாக எந்த மென்பொருளும் கைக்கு வராது. "இந்த ஆள் சர்வரைத் தொடலாம்" என்ற உரிமை மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டாவது, கருவியை எண்ணுவது. தேயிலை ஆலையின் நிறுவை அறையில் ஒரே கணினி இருக்கிறது, மூன்று ஷிப்டில் மூன்று கிராணிகள் மாறி மாறி அதில் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆளுக்கு ஒன்றாக 3 உரிமம் வாங்குவதைவிட அந்தக் கணினிக்கு 1 உரிமம் வாங்குவது லாபம். ஆனால் அதே ஆலையின் நிர்வாகி மேசைக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி என்று மூன்றிலும் சர்வரைத் திறக்கிறார் என்றால், அவருக்கு ஆள் உரிமம் 1 வாங்குவதே சரி.

மூன்றாவது, இயந்திரத்தின் பலத்தை எண்ணுவது. மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளை, 2012 பதிப்பிலிருந்து, செயலியின் 'கோர்' எண்ணிக்கையை வைத்தும் வாங்கலாம். ஒரு செயலிக்குக் குறைந்தது 4 கோர் உரிமம் வாங்க வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் வாங்கிய பிறகு 10 பேர் வந்தாலும் 10,000 பேர் வந்தாலும் தலை எண்ண மாட்டார்கள்.

நான்காவது, நடந்த வேலையை எண்ணுவது. எத்தனை ஆர்டர், எத்தனை விலைப்பட்டியல் உருவானது என்று பார்த்துப் பணம் கேட்பது. அதாவது பாட்டி சொன்ன கிலோ கணக்கு. இந்த முறை ஒரு பெரிய வழக்குக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. அந்த வழக்குக்குப் பிறகு வருவோம்.

10 பேருக்கு மேல் வரக்கூடாது

இணையம் வருவதற்கு முன் ஆளை எண்ணுவது எளிது. அலுவலகத்தில் எத்தனை நாற்காலி என்று பார்த்தால் போதும். உலகில் யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் ஒரு சர்வரைத் தட்டலாம் என்று ஆனதும் அந்தக் கணக்கு குழம்பியது.

முதல் பெரிய சண்டை 1996-இல் வந்தது. அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்.டி. 4.0 பதிப்பை வெளியிட்டது. அதில் 'ஒர்க்ஸ்டேஷன்' என்ற விலை குறைந்த வகையும், 'சர்வர்' என்ற விலை கூடிய வகையும் இருந்தன. பலர் விலை குறைந்த வகையை வாங்கி, அதன்மேல் வேறு நிறுவனங்களின் இணைய சர்வர் மென்பொருளை ஏற்றி வலைத்தளம் நடத்தினார்கள். இதைத் தடுக்க, 10 நிமிடத்துக்குள் 10 வெவ்வேறு இணைய முகவரிகளுக்கு மேல் அந்தக் கணினியோடு தொடர்பு கொள்ள முடியாதபடி மைக்ரோசாஃப்ட் ஒரு கட்டுப்பாட்டைச் சோதனைப் பதிப்பில் வைத்தது.

அப்படிப்பட்ட இணைய சர்வர் மென்பொருளை விற்று வந்தவர்களில் ஒருவர் டிம் ஓ'ரைலி. கணினிப் புத்தகப் பதிப்பாளராக நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். அவரும் மற்றவர்களும் பலமாக எதிர்த்தார்கள். இரண்டு வகைகளுக்கும் உள்ளே இருக்கும் நிரலில் பெரிய வேறுபாடு இல்லை என்று அவருடைய நிறுவனத்தார் ஆராய்ந்து எழுதினார்கள். கடைசியில் மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழில்நுட்பத் தடையை எடுத்துவிட்டது. ஆனால் உரிம ஒப்பந்தத்தில் அந்த 10 என்ற வரம்பு அப்படியே இருந்தது.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கணினி தடுக்கவில்லை, ஒப்பந்தம் தடுக்கிறது. நிரல் ஓடுகிறது என்பதால் உரிமம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இன்றைக்கும் பெரும்பாலான சர்வர் மென்பொருள்களில் நிலைமை இதுதான்.

5 கோடிப் பவுண்டு கேட்ட வழக்கு

இப்போது அந்த வழக்குக்கு வருவோம். ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் பெரிய நிறுவனங்களின் கணக்கு, சரக்கு, ஊழியர் விவரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருளை விற்கிறது. ஜானி வாக்கர், கின்னஸ் போன்ற மதுபானங்களை விற்கும் டியாஜியோ நிறுவனம் 2004-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அந்த மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது. பெயர் குறிப்பிட்ட பயனர் ஒவ்வொருவருக்கும் ஓர் உரிமம் என்பது அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை.

முன்பெல்லாம் டியாஜியோவின் வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைத்து ஆர்டர் கொடுப்பார்கள். அழைப்பு மையத்தில் இருக்கும் ஊழியர் அதை எஸ்.ஏ.பி. மென்பொருளில் பதிவார். அந்த ஊழியருக்கு உரிமம் இருந்தது. பிறகு டியாஜியோ, சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் தளத்தில் 'கனெக்ட்' என்ற இணைய அமைப்பை உருவாக்கியது. வாடிக்கையாளர்களே அதில் நுழைந்து ஆர்டர் கொடுத்தார்கள். அந்த ஆர்டர் ஓர் இணைப்பு மென்பொருள் வழியாக எஸ்.ஏ.பி.க்குள் போய்ச் சேர்ந்தது. விற்பனைப் பிரதிநிதிகள் ஐபேடில் பயன்படுத்த இன்னோர் அமைப்பும் வந்தது.

"இந்த வாடிக்கையாளர்கள் எங்கள் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கு உரிமம் எங்கே?" என்று எஸ்.ஏ.பி. வழக்குப் போட்டது. கேட்ட தொகை 5 கோடியே 45 லட்சம் பவுண்டுக்கும் மேல். "இடையில் இருக்கும் இணைப்பு மென்பொருளுக்குத்தான் நாங்கள் தனியாகப் பணம் கட்டியிருக்கிறோமே, அதுவே வாசல், அதன் வழியாக வருபவர்களுக்கு வேறு உரிமம் எதற்கு?" என்பது டியாஜியோவின் வாதம்.

2017 பிப்ரவரி 16 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஓஃபாரெல் தீர்ப்பளித்தார். ஒப்பந்தத்தில் 'பயனர்' என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தில், மென்பொருளை நேரடியாகவோ மறைமுகமாகவோ அணுகுபவர் என்று இருந்தது. இணையம் வழியாக அணுகுவதும் அங்கே உதாரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே இணையப் பக்கத்தில் ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளரும் எஸ்.ஏ.பி. மென்பொருளைப் பயன்படுத்துகிறார், அதற்கு உரிமம் வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. எவ்வளவு பணம் என்பதை அந்தத் தீர்ப்பு நிர்ணயிக்கவில்லை. பணம் கட்டும் பொறுப்பு உண்டு என்று மட்டும் சொன்னது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தொலைபேசியில் ஆர்டர் கொடுத்தபோதும் அதே வாடிக்கையாளர், அதே சரக்கு, அதே சர்வர். அப்போது எண்ணப்பட்டவர் அழைப்பு மைய ஊழியர் மட்டும். அந்த ஊழியரின் இடத்துக்கு இணையப் பக்கம் வந்ததும், அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கணக்குக்குள் வந்துவிட்டார்கள். செலவைக் குறைக்கக் கட்டிய பக்கம் உரிமக் கணக்கைக் கூட்டிவிட்டது.

இடையில் எதை வைத்தாலும்

எஸ்.ஏ.பி.யின் ஒப்பந்தத்தில் மட்டும் இப்படி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் உரிம விதிகளில் இதற்கு 'மல்டிபிளெக்சிங்' என்று பெயர் வைத்திருக்கிறது. பலருடைய கோரிக்கைகளை ஒரு மென்பொருளோ கருவியோ ஒன்றாகச் சேர்த்து, ஒரே குழாய் வழியாக சர்வருக்கு அனுப்புவதுதான் மல்டிபிளெக்சிங். அப்படிச் சேர்ப்பதால் தேவையான அணுகல் உரிமங்களின் எண்ணிக்கை குறையாது என்பது விதி. குழாயை எண்ண மாட்டார்கள். குழாயின் மறுமுனையில் நிற்பவர்களைத்தான் எண்ணுவார்கள்.

விதிவிலக்கு உண்டா? உண்டு. இரண்டை நாம் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்று, மனிதர் கையால் செய்த வேலை. சர்வரிலிருந்து ஒருவர் அறிக்கையை எடுத்து, தானே மின்னஞ்சலில் இன்னொருவருக்கு அனுப்புகிறார் என்றால், அதைப் பெற்றுக்கொள்பவருக்கு மைக்ரோசாஃப்ட் விதிப்படி பொதுவாக உரிமம் தேவையில்லை. அதே அறிக்கை தானியங்கியாகப் போய்ச் சேர்ந்தால் தேவை.

மற்றொன்று, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வலைத்தளம். விண்டோஸ் சர்வரில் ஓடும் பொதுவான வலைத்தளத்தைப் பார்க்க வருபவர்களுக்கு அணுகல் உரிமம் வேண்டாம். ஆனால் ஊழியர்களுக்கு மட்டும் என்று உள்ளே வைத்திருக்கும் பக்கத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதோடு, இந்தச் சலுகை விண்டோஸ் சர்வருக்கு மட்டும்தான். அந்த வலைத்தளத்துக்கு அடியில் ஆள் கணக்கில் வாங்கிய எஸ்.கியூ.எல். சர்வர் இருந்தால் அதற்குத் தனியாகத் தலை எண்ண வேண்டும். ஒரே கணினியில் இரண்டு மென்பொருள், இரண்டு வகைக் கணக்கு. பலர் தடுமாறுவது இங்கேதான்.

எங்கள் ஊரில் ஒரு காய்கறி மொத்தக் கடை

சென்ற விடுமுறையில் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த மாமா ஒருவரின் காய்கறி மொத்தக் கடையில் வேலை செய்தேன். கோஸ், தக்காளி, கீரை வகைகள் இரவில் லாரி ஏறி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகும். ஏறக்குறைய 60 உணவகங்களும் கடைகளும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்பும். அவை ஒவ்வொன்றையும் கணக்கு மென்பொருளில் பதிவது ஓர் அக்காவின் வேலை. மாலை 6 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 10 மணி ஆகிவிடும். மென்பொருளுக்கு 5 பேருக்கான உரிமம் இருந்தது.

"கடைக்காரங்களே நேரா போடற மாதிரி ஒண்ணு செஞ்சு குடும்மா. அவங்க பாக்கி எவ்வளவுன்னும் அதுலயே தெரியணும்" என்றார் மாமா.

நான் நிரல் எழுத உட்காருவதற்கு முன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அதிலும் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்ற அந்த இரண்டு சொற்கள் இருந்தன. மாமாவிடம் காட்டினேன்.

"பேஜுக்கு ஒரு பாஸ்வேர்டு குடுத்தா போதாதா? எல்லாரும் அந்த ஒரு கதவு வழியாத்தானே வரப்போறாங்க?"

"கதவை எண்ண மாட்டாங்க மாமா. கதவு வழியா வர்றவங்களத்தான் எண்ணுவாங்க" என்றேன்.

மென்பொருளை விற்றவருக்கு எழுதிக் கேட்டோம். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. பாக்கியைப் பார்க்கும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு பயனர் உரிமம். 60 உரிமத்தின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு மாமா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அந்தக் காசுக்கு இன்னொரு ஆளையே வேலைக்கு வெச்சிடலாம்மா" என்றார்.

கடைசியில் பக்கத்துக்கென்று தனியாக ஒரு தரவுத்தளம் வைத்தேன். இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள் அது. அக்கா தினமும் மாலையில் விலைப் பட்டியலைக் கையால் ஏற்றுவார். ஆர்டர்கள் வகை பிரித்து ஒரே பட்டியலாக வரும். அதைப் பார்த்து அக்காவே கணக்கு மென்பொருளில் பதிவார். இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் உரிமம் வேண்டாம் என்று விற்றவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அக்கா இப்போது 8 மணிக்கு வீட்டுக்குப் போகிறார். ஆனால் கடைக்காரர்கள் அதிகமாகக் கேட்ட வசதி, அதாவது பாக்கியைப் பார்ப்பது, அந்தப் பக்கத்தில் இல்லை. தொழில்நுட்பத்தில் அது அரை நாள் வேலை. தடையாக இருந்தது உரிமக் கணக்கு.

யார் பக்கம் நியாயம்?

மென்பொருள் நிறுவனங்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். இப்படி ஒரு விதி இல்லாவிட்டால், 10,000 பேர் வேலை செய்யும் நிறுவனம்கூட ஒரே ஓர் உரிமம் வாங்கி, முன்னால் ஓர் இணையப் பக்கத்தை வைத்துவிட்டுப் போய்விடும். 10 பேர் உள்ள சிறிய கடை மட்டும் 10 உரிமத்துக்குப் பணம் கட்டும். அதிகமாகப் பயன்படுத்துபவர் அதிகமாகக் கொடுக்கட்டும் என்பது நியாயமான வாதம்தான்.

வாங்கியவர்களின் பக்கமும் இருக்கிறது. தினமும் எட்டு மணி நேரம் மென்பொருளில் உட்காரும் கணக்காளரும், மாதத்துக்கு இரண்டு முறை "என் சரக்கு வந்துவிட்டதா?" என்று பார்க்கும் வாடிக்கையாளரும் ஒரே தலையா? தோட்டத்தில்கூட முழு நாளுக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப் பேர் என்று பிரித்தார்கள்.

டியாஜியோ தீர்ப்பு வந்த அதே 2017-இல், ஏ.பி. இன்பெவ் என்ற மதுபான நிறுவனத்திடம் எஸ்.ஏ.பி. இதே காரணத்துக்காக 60 கோடி டாலருக்கு மேல் கேட்பது வெளியே தெரிந்தது. அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. வாடிக்கையாளர்களிடையே கவலை கூடியதால், எஸ்.ஏ.பி. 2018 ஏப்ரலில் ஒரு புதிய முறையை அறிவித்தது. வெளி அமைப்புகள் வழியாக வருபவர்களின் தலையை எண்ணாமல், அவற்றால் உருவாகும் ஆவணங்களை எண்ணும் முறை அது. விற்பனை, விலைப்பட்டியல், கொள்முதல் என 9 வகை ஆவணங்கள். முதன்முறை உருவாகும்போது மட்டும் எண்ணிக்கை. பிறகு அதைப் படித்தாலும் திருத்தினாலும் கட்டணம் இல்லை. நிதி, சரக்கு ஆவணங்கள் ஒவ்வொன்றும் 0.2 என்றே எண்ணப்படும். பேர் கணக்கிலிருந்து கிலோ கணக்குக்கு மாறியது போலத்தான் இதுவும்.

உரிமங்களை எண்ணிக்கை வைத்து விற்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் 2012 ஜூலை 3 அன்று தீர்ப்பான யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கில் வெளிச்சத்துக்கு வந்தது. ஆரக்கிள் நிறுவனம் குறைந்தது 25 பேருக்கான கட்டுகளாக உரிமம் விற்றது. 27 பேர் தேவைப்படும் நிறுவனம் இரண்டு கட்டு, அதாவது 50 பேருக்கு வாங்க வேண்டும். தேவையில்லாத 23-ஐ வேறு யாருக்காவது விற்கலாமா? மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒரு கட்டைப் பிரித்து ஒரு பகுதியை மட்டும் விற்க முடியாது என்றும் சொன்னது.

என் கருத்து இதுதான். எண்ணுவது தவறில்லை. எதை எண்ணப் போகிறார்கள் என்பது வாங்கும் நாளிலேயே, கடைக்காரருக்குப் புரியும் மொழியில், ஓர் உதாரணத்தோடு தெரிய வேண்டும். 'மறைமுகமாக' என்ற ஒரு சொல்லுக்குள் 60 கடைக்காரர்களை அடக்கி வைத்தால், சட்ட ஆலோசகரை வைத்துக்கொள்ள வசதி இல்லாத சிறு வியாபாரிதான் மாட்டிக்கொள்வார்.

தலை எண்ணாத மென்பொருள்கள்

வேறு வழி இல்லையா என்றால் இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் வணிக மென்பொருள் போன்ற திறந்தமூல மென்பொருள்களை நம் சொந்த சர்வரில் நிறுவினால் பயனருக்கு இவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. நம் நாட்டு அரசாங்கமே 2004-இல் பொதுத் துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு அமைப்பின் வழியாக அறிமுகப்படுத்தியது.

ஆனால் உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்ற, தினமும் நகல் எடுக்க, பழுதானால் இரவில் எழுந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். மலை மேல் அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம் இல்லை. நம் மாணவர்களுக்கு அது ஒரு வேலை வாய்ப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திறந்தமூல உலகத்திலும் இணையம் வழியாக வருபவரைக் கணக்கில் எடுக்கும் உரிமம் ஒன்று உண்டு. 2007 நவம்பரில் வெளிவந்த 'அஃபெரோ ஜி.பி.எல்.' மூன்றாம் பதிப்பு அது. அந்த உரிமத்தில் உள்ள ஒரு மென்பொருளை நீங்கள் மாற்றி, இணையம் வழியாக மற்றவர்களுக்குப் பயன்படத் தந்தால், மாற்றிய மூல நிரலை அவர்கள் பெறுவதற்கு வழி செய்ய வேண்டும். அங்கே பயனருக்காக நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. பயனருக்கு உங்கள் நிரலைக் காட்ட வேண்டும். இலவசம் என்று இறக்கிக்கொள்வதற்கு முன் அந்த உரிமத்தையும் படித்துவிடுங்கள்.

தொழிற்பயிற்சிக்குப் போகும் முன்

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பைப் போலப் பாதுகாக்கப்படுகிறது. ஒப்பந்தத்தை மீறிய பொறுப்பு நிறுவனத்தினுடையது என்றாலும், "இதைக் கட்டியது யார்?" என்று கேட்கும்போது எல்லாரும் பயிற்சி மாணவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒரு வணிக சர்வருக்கு இணையப் பக்கம் கட்டச் சொன்னால், முதலில் இவற்றைக் கேளுங்கள்.

1. இந்த மென்பொருளை எதை எண்ணி வாங்கியிருக்கிறார்கள்? ஆளா, கருவியா, கோரா, ஆவணமா?

2. ஒப்பந்தத்தில் 'பயனர்' என்பதற்கு என்ன விளக்கம் இருக்கிறது? 'மறைமுகமாக' என்ற சொல் இருக்கிறதா?

3. பக்கத்தைப் பயன்படுத்தப் போகிறவர்கள் ஊழியர்களா, வாடிக்கையாளர்களா, பொதுமக்களா? ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர்?

4. தகவல் தானாகப் போய் வருகிறதா, இடையில் ஒருவர் கையால் அனுப்புகிறாரா?

5. அடியில் எத்தனை மென்பொருள்கள் இருக்கின்றன? இயங்குதளம், தரவுத்தளம், கணக்கு மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள கேள்விகளைக் கேட்டீர்களா?

6. ஒரே பயனர் பெயரைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்களா? பெயர் குறிப்பிட்ட உரிமம் என்றால் அது பெரும்பாலும் விதிமீறல்தான்.

7. விற்றவர் சொன்ன பதில் எழுத்தில் இருக்கிறதா? தொலைபேசியில் "பரவாயில்லை, செய்யுங்கள்" என்று சொன்னது ஒரு வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்த ஏழு கேள்விகளையும் கேட்டு முடிக்க ஒரு நாள்கூட ஆகாது. முதலாளியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், இந்தப் பட்டியலை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். படித்துவிட்டு அவரே ஒப்பந்தக் கோப்பைத் தேடி எடுப்பார். அதைப் பார்த்த பிறகு நிரலின் முதல் வரியை எழுதலாம்.